ஓடி முடித்தவனின் தானம்

சாப்பாட்டு விஷயத்தில் என் பேச்சை யாரும் நம்ப வேண்டாம். என் வயிறு என்னையே ஏமாற்றியிருக்கிறது.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டில் காலையும் மரவள்ளிக்கிழங்கு, இரவும் மரவள்ளிக்கிழங்கு. (மதியம்? மதியம் பேச்சு மட்டும்.) அப்போது கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி எங்கள் குழுவைப் பந்து விளையாடக் கூப்பிட்டார். வந்து ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு தட்டு சோறு. அரிசிச் சோறு! கரியில் ஓடும் லோரியில் பாடிக்கொண்டே போனோம்.

மூச்சு முட்ட ஓடினேன். கிள்ளான் கோல்கீப்பர் காதர் பாய், அந்தக் கடையின் சமையல்காரர். வெறுங்காலோடு நின்று, நான் அடித்த நாலு பந்தையும் பிடித்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் கடையில் சோறு வந்தது. ஆவி பறந்தது. எனக்கோ ஓடிய மூச்சே இன்னும் அடங்கவில்லை. ஒரு பருக்கை இறங்காது போலிருந்தது. சோறு விருந்தாளிகளுக்கு மட்டும்தான். காதர் பாய் கையில் கிழங்கு. என் தட்டை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க சாப்பிடுங்க பாய். எனக்குப் பசியே இல்ல."

முதலாளி எழுந்துவிட்டார். "இந்தப் பஞ்சத்துல இப்படி ஒரு மனசா!" எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். (அடக்கமாம்!)

லோரி கிளம்பவில்லை. கரி பற்றுவதற்குள் என் வயிறு பற்றிக்கொண்டது. கண் இருட்டியது. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி அடுப்படிக்குள் நுழைந்தேன். சோற்றுப் பானையின் அடியில் காந்தல் ஒட்டியிருந்தது. முழங்கை வரை கையை விட்டுச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தேன். பின்னால் முதலாளியின் குரல்.

"நான் சொன்னேனே, அந்தத் தங்கமான பையன்..."

என்னைக் காட்டுவதற்காகப் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். எனக்கு வாய் நிறையக் காந்தல். விழுங்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள்.

காதர் பாய் மட்டும் உள்ளே வந்தார். அலமாரியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். என் சோறு. ஒரு பருக்கை குறையவில்லை.

"ஓடி முடிச்ச உடனே பசி தெரியாது தம்பி. கொஞ்ச நேரம் கழிச்சு மொத்தமா வரும். தெரியாம குடுத்தத நான் எப்படி வாங்கிக்கிறது?"

அவரும் அன்று என்னளவு ஆடியவர்தான். அந்தப் பசியோடு சுடுசோற்றைக் கட்டி வைத்திருக்கிறார்! அப்படி இன்னொரு மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பாதியாவது எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன்.

"இப்பக் குடு, வாங்கிக்கிறேன்" என்று சிரித்தார்.

அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒரே இலையில் சாப்பிட்டோம்.

இதை என் கல்யாணத்தன்று அவரே என் மனைவியிடம் சொல்லிவிட்டார். இன்றைக்கும் யாராவது என்னைப் புகழ்ந்தால் போதும், வீட்டுக்குள்ளேயிருந்து அவள் குரல் வரும்: "ஒரு மணி நேரம் பொறுத்துச் சொல்லுங்க லா!"