அரக்கு முத்திரை வைத்த கேசட்டுகள்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
ஆவணி மாதம், 1992.

மதுரையில் இருக்கும் மைத்துனர் திரு. வேல்சாமி அவர்களுக்கு, உங்கள் அக்காள் ஆவுடையம்மாளின் வீட்டுக்காரன் சங்கையா எழுதிக்கொண்டது.

இங்கே நான், உங்கள் அக்காள், மகள் நாச்சியார் மூவரும் சுகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். ராஜபாளையம் மில் கேட்டில் முப்பது வருஷம் வாட்ச்மேனாக நின்று, உள்ளே போன தூக்குச்சட்டி வெளியே வரும்போது கனம் கூடியிருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். 'நம்புகிறேன்' என்று நான் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் இன்று ஒரு விசாரணைக்காக எழுத வேண்டியதாகிவிட்டது. விஷயம் நாச்சியாருடைய கேசட் பற்றியது. நீங்கள் தனியாக இருக்கும்போது வாசிக்கவும்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விசாரணை முறையாக இருக்கும். நாச்சியார் கட்டிப் பாடும் முளைப்பாரிப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, மதுரைக் கேசட் கம்பெனிக்காரர் ஒருவரிடம் எங்களைக் கூட்டிப்போனது நீங்கள்தான். அந்த மனிதர் நம்மை உட்காரவைத்து ஹார்லிக்ஸ் கொடுத்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. வியாபாரம் பேச வந்தவனுக்கு டீ கொடுப்பார்கள், காப்பி கொடுப்பார்கள், ஹார்லிக்ஸ் கொடுக்கிறவன் மனசில் என்ன இருக்கும்? பாட்டு பிரமாதம், குரல் பிரமாதம் என்றார். ஆனால் "பஞ்சு சுத்தும் கையாலே பயிர் வளத்தேன் மாரியம்மா" என்ற அடியில் பஞ்சு வேண்டாம், பூ என்று மாற்றிக்கொள்ளலாம் என்றார். பிள்ளை ராஜபாளையத்தில் பேண்டேஜ் யூனிட்டில் பஞ்சுதான் சுற்றுகிறாள், பூ சுற்றவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒப்பந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தேன் அல்லவா, அதில் 'பாடியவர்' என்ற இடத்துக்கு நேராக 'குழுவினர்' என்று போட்டிருந்தது. என் மகள் பேர் எங்கே என்றேன். "குழுவினர்னு போட்டா அதுல எல்லாரும் வந்துருவாங்கண்ணே" என்றார். எல்லாரும் வருவார்கள் என்பதுதானே என் பயமே. மில் கேட்டில் ஒருத்தன் வந்து, என் பேர் குழுவினர் என்று சொன்னால் உள்ளே விடுவேனா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் மட்டும் பின்தங்கி நின்று அவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஊருக்கு வருகிற பஸ்ஸில் நாச்சியார் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள். "பேரு இல்லாட்டாலும் பாட்டாவது வெளிய வந்திருக்கும்லப்பா" என்றாள். அந்த நிமிஷத்தில்தான் நம் கேசட்டை நாமே போடுவது என்று முடிவு செய்தேன். கம்பெனியும் வேண்டாம், ஹார்லிக்ஸும் வேண்டாம்.

பாட்டை எங்கே பதிவு செய்தோம் என்று தெரியுமா? நாச்சியார் வேலை பார்க்கிற யூனிட்டின் முதலாளி சுப்புராஜ் தன் பஞ்சுக் குடோனை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சும்மா கொடுத்தார். ஏன் சும்மா கொடுக்கிறார் என்று நான் யோசித்தது நியாயமா இல்லையா? கடைசியில் பார்த்தால் உறைக்குப் பின்பக்கம் பேண்டேஜ் விளம்பரம் கேட்டார், அதுவும் சின்னதாக. சரி என்றேன். சுற்றிலும் பஞ்சு மூட்டை அடுக்கியிருந்ததால் வெளியே லாரி போகிற சத்தம்கூட உள்ளே வரவில்லை. ஆனால் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி டோலக்குக்காரர் தும்மிக்கொண்டே இருந்தார். மூன்றாவது பாட்டில் அவர் தும்மியது தாளத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டதால் அதை எடுக்க வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தத் தும்மல் இப்போது கேசட்டில் இருக்கிறது.

பிறகுதான் முக்கியமான ஏற்பாடு. காப்பி அடிக்கிற பயல்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நானே மைக்கைப் பிடித்து, கேட்டில் பேசுகிற குரலில் சொன்னேன்: "நில்லு. எடுத்ததை எடுத்த இடத்துலயே வை. இதில் பாடியிருப்பது மடவார் வளாகம் சங்கையா மகள் நாச்சியார். பாட்டு கட்டியதும் அவளே. காப்பி எடுக்கிறவன் கையும் களவுமாகப் பிடிக்கப்படுவான்." நாச்சியார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சாமி பாட்டுக்கு நடுவுல நீங்க எதுக்குப்பா வாரீக?" என்றாள். "ஏட்டி, கேட்டுன்னா ஆளு நிக்கணும்லா" என்றேன்.

கேசட்டுகள் வந்து சேர்ந்ததும் பஸ் ஸ்டாண்டு பால்கோவாக் கடையில் கொஞ்சம் வைத்தேன். வாங்குகிறவர் பேர், ஊர், கையெழுத்து, எதற்காக வாங்குகிறார் என்ற காரணம், எல்லாவற்றையும் ஒரு ரிஜிஸ்டரில் எழுதிய பிறகே கொடுக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒருத்தரும் வாங்கவில்லை. 'பாட்டு கேட்க' என்று ஒரு வார்த்தை எழுத இவர்களுக்கு என்ன கஷ்டம்? யோசித்துப் பாருங்கள் மாப்பிள்ளை, மடியில் கனம் இல்லாதவன் ஏன் கையெழுத்துப் போடத் தயங்குகிறான்? கடைக்காரர் பத்து நாளில் நெய் ஒட்டின கையோடு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதையும் சேர்த்து மொத்தக் கேசட்டையும் பேண்டேஜ் அட்டைப்பெட்டிகளில் போட்டு, மேல்பக்கம் காகிதம் ஒட்டி, மில்லில் செய்கிற மாதிரியே அரக்கு முத்திரை வைத்து, என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நல்ல காலம் வரும்போது வெளியே எடுக்கலாம் என்று நினைத்தேன். தினமும் குனிந்து பார்ப்பேன். முத்திரை ஒன்றுகூட உடையவில்லை.

இந்த நிலையில், பங்குனியில் பூக்குழி சமயம், டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் போய்க்கொண்டிருக்கிறேன். டிரைவருக்குப் பக்கத்தில் இருந்து "நில்லு" என்று என் குரலே என்னை அதட்டுகிறது. எழுந்தே விட்டேன். கண்டக்டர், "ஸ்டாப்பு இன்னும் வரல பெருசு, உக்காருங்க" என்கிறான். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் என் குரல். கோயில் கொடையில், சடங்கு வீட்டில், ரேஷன் கடைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில். தெருப் பிள்ளைகள் என்னைக் கண்டால் "எடுத்ததை எடுத்த இடத்துலயே வை" என்று சொல்லிவிட்டு ஓடுகின்றன. பெட்டி எல்லாம் என் கட்டிலுக்கு அடியில் முத்திரையோடு இருக்கிறது, பாட்டு மட்டும் ஊரெல்லாம் கேட்கிறது என்றால் என்ன அர்த்தம்? எவனோ காப்பி எடுத்து விடுகிறான்.

மைக் செட் மலைச்சாமியைப் பிடித்தேன். அவனுடைய கேசட்டை வாங்கிப் பார்த்தவன் ஆடிப்போய்விட்டேன். உறை நம்முடைய உறை மாதிரியே இருக்கிறது. நாச்சியார் பேரில் 'யா'வுக்கு மேலே அச்சாபீஸில் விழுந்த மைப்புள்ளி இருக்கிறதே, அதைக்கூட விடாமல் அடித்திருக்கிறான். பின்னால் பேண்டேஜ் விளம்பரம். மோந்து பார்த்தேன், பஞ்சு வாசம்கூட அடிக்கிறது. என் சர்வீஸில் இப்படி ஒரு கைகாரத் திருடனை நான் பார்த்ததில்லை. எங்கேயடா வாங்கினாய் என்று கேட்டால், "வளைகாப்பு வீட்டுல தாம்பூலப் பையில கெடந்துச்சு அண்ணாச்சி" என்கிறான். தேங்காயும் வெற்றிலையும் வருகிற பையில் கேசட் வருமாம். பொய் சொல்கிறவன் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்ல வேண்டாமா?

இதற்கிடையில் போன வாரம் வத்திராயிருப்பில் என் தூரத்து உறவில் ஒரு கல்யாணம். மைக் செட் இதே மலைச்சாமிதான். மாப்பிள்ளைப் பையன் தாலியைக் கையில் எடுத்துவிட்டான். மேளக்காரர்கள் கெட்டிமேளத்துக்கு மூச்சு இழுக்கிறார்கள். அந்த ஒரு விநாடியில் கூம்புக்குழாயில் என் குரல், "நில்லு. எடுத்ததை எடுத்த இடத்துலயே வை." பையன் நடுங்கிப்போய்த் தாலியைத் தேங்காய் மேல் திரும்ப வைத்துவிட்டான். பெண் வீட்டார் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். எவன்லே சொன்னது, கல்யாணத்தை நிறுத்துறது எவன்லே என்று ஒரே கூச்சல். குழாய் அதற்கும் பதில் சொல்லிவிட்டது, மடவார் வளாகம் சங்கையா என்று. மொத்தப் பந்தலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி உட்கார்ந்தேன்.

நல்லவேளையாக மலைச்சாமி ஓடிவந்து நிறுத்தினான், பையனும் தாலியைக் கட்டிவிட்டான். பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். மணமேடையில் இருந்து பெண்ணின் தாயார் இறங்கி நேராக வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப்போய் நாச்சியார் முன்னால் நின்று, "சங்கையா மக நாச்சியாருங்கிறது நீதானாம்மா? எங்க தெருவுல ஒம்பாட்டு இல்லாம முளைப்பாரியே தூக்குறதில்ல, ஒண்ணு பாடிட்டுப் போ" என்றாள். பெண்கள் கூடிவிட்டார்கள். பஞ்சு சுத்தும் கையாலே என்று இவள் எடுத்ததும் அத்தனை பேரும் கூடப் பாடினார்கள், தும்மல் வருகிற இடத்தில் சேர்ந்து தும்மவும் செய்தார்கள். பேர் இல்லாமல் பாட்டாவது வரட்டும் என்று பஸ்ஸில் சொன்ன பிள்ளை, நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடச் சொல்ல, நடுவில் நின்றாள். கண்ணைத் துடைத்தேன். பஞ்சுத் தூசி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். வத்திராயிருப்பில் ஏது பஞ்சு என்று அவர் கேட்டார்.

ஆனாலும் திருட்டு திருட்டுதான். இவ்வளவு நேர்த்தியாகக் காப்பி எடுக்க இரண்டு கேசட் போடுகிற டேப்ரிக்கார்டர் வேண்டும், அச்சாபீஸ் பழக்கம் வேண்டும், கம்பெனிக்காரர் ஸ்நேகம் வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர இருக்கிற ஒரே ஆள் நம் வகையறாவில் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வெளியான அன்றைக்கே ஒரு கேசட்டைக் கேட்டு வாங்கிப்போனதும் நீங்கள்தான். இதற்கு மேலே ஒரு செய்தி. அந்தக் கம்பெனிக்காரர் இப்போது கடிதம் போட்டிருக்கிறார். நாச்சியார் பேரைக் கொட்டை எழுத்தில் போடுகிறாராம், பஞ்சு பஞ்சாகவே இருக்கலாமாம், அவர் போடுகிற மற்றக் கேசட்டுகளுக்கும் நான் வந்து "நில்லு" சொல்லித்தர வேண்டுமாம். திருட்டுக் கேசட்டு ஊரெல்லாம் பரவிய பிறகு இவருக்கு எங்கிருந்து இந்த ஞானோதயம் வந்தது? பரப்பியது யார்? அன்றைக்குப் பின்தங்கி நின்று பேசியது என்ன? தாங்கள் தயவுசெய்து தபாலிலேயே விளக்கம் எழுதவும். விளக்கம் வந்து நான் திருப்தி அடைகிறவரை தாங்களோ அவரோ இந்த வீட்டு வாசல் பக்கம் வரவேண்டாம். அவருக்கு என் பதில், முடியாது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். பெரிய மாரியம்மன் உங்கள் எல்லாருக்கும் நல்ல புத்தியையும் நல்ல சுகத்தையும் கொடுக்கட்டும், முந்தியதை முதலில் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சங்கையா.

பி.கு.: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டேன். உங்கள் அக்காள், "என்னத்த எழுதிருக்கீக, வாசிங்க" என்றாள். வாசித்தேன். "எந்தம்பியவா கள்ளன்ங்கீக?" என்று கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு பெட்டியை இழுத்துக் கவிழ்த்துப் போட்டாள். மேலே என் அரக்கு முத்திரை அப்படியே இருக்கிறது, அடிப்பக்கம் திறந்திருக்கிறது. உள்ளே முழுக்க, நாச்சியார் யூனிட்டில் இருந்து கொண்டுவந்து கொடுத்த பேண்டேஜ் கழிவுத்துணி. எல்லாப் பெட்டியும் அப்படித்தான். முப்பது வருஷம் ஊரான் தூக்குச்சட்டியை எல்லாம் திறந்து பார்த்தவன், என் பெட்டியை ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லை. வளைகாப்பு, சடங்கு, மஞ்சள் குங்குமம் என்று போகிற வருகிற பொம்பளைகளின் தாம்பூலப் பையில் எல்லாம் இவளே போட்டுக் கொடுத்திருக்கிறாள். "கட்டிலுக்கடியில கெடந்தா எம்புள்ள பேரு எப்பிடி வெளிய தெரியும்?" என்கிறாள். ஆகையால் திருட்டு எதுவும் நடக்கவில்லை, மலைச்சாமி சொன்னது உண்மை, நீங்களும் குற்றவாளி இல்லை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். கம்பெனிக்காரரை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவாருங்கள். 'பாடியவர்' என்ற இடத்தில் பேரை எழுதியே கொண்டுவரச் சொல்லவும். கையெழுத்து நாச்சியார்தான் போடுவாள், நான் பக்கத்தில் நிற்பேன். ஹார்லிக்ஸ் இங்கேயே கலந்து கொடுக்கிறோம்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. இத்தனை துணியையும் பேண்டேஜ் யூனிட் கேட்டைத் தாண்டி எப்படிக் கொண்டுவந்தாய் என்று நாச்சியாரைக் கேட்டேன். "கழிவத் தூக்கிட்டுப் போன்னு மொதலாளியே சொல்லிட்டாக. வாட்ச்மேன் தாத்தாவும், சங்கையா மகன்னு சொன்னதுமே பையத் தொறக்கலப்பா. 'அவரு புள்ள பையில என்னத்தப் பாக்க'ன்னுட்டாரு" என்கிறாள். அந்த ஆளை எனக்கு முன்னே பின்னே தெரியாது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போய், இப்படியா கேட் பார்ப்பது என்று அவரை நேரிலேயே கேட்கப் போகிறேன். கையில் ஒரு கேசட் கொடுத்துவிட்டு வர நினைத்தேன். வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. உங்களிடம் இருப்பதைக் கொண்டுவரவும்.