நபீஸாவுக்குத் தலைசுத்து

"நபீஸாவுக்குச் சுகமில்ல. தலைசுத்து" என்று முதலில் தன் லோஞ்சுப் படகின் எஞ்சினிடம் சொல்லிப் பார்த்தார் ஸஹாப்தீன். எஞ்சின் நம்பியது போலத்தான் இருந்தது. ஆனால் எஞ்சினை நம்பவைப்பது பெரிய காரியமா? ஊரை நம்பவைக்க வேண்டும்.

திருகோணமலைக்கும் மூதூருக்கும் நடுவில் லோஞ்சு ஓட்டியே தாடி நரைத்த மனுசன் அவர். மாரிக்காலத்தில் அலை எழும்பி கூரையில் ஏறும்போதும் வாயில் இருக்கிற பீடியைக் கீழே போடாதவர் என்று படகுத்துறை ஜெட்டியில் பெயர். அப்படிப்பட்டவருக்கு விமானம் என்றால் குடல் நடுங்கும். கடல் என்றால் கீழே தண்ணீராவது இருக்கிறது, ஆகாயத்தில் கீழே என்ன இருக்கிறது? சீனக்குடா விமானத்தளப் பக்கமிருந்து விமானம் கிளம்பும் சத்தம் கேட்டால் போதும், ஏதோ ஆணி தேடுகிற மாதிரி லோஞ்சின் கூரைக்குள் தலையை இழுத்துக்கொள்வார். இது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

பிறகு எதற்காக மலேசியாச் சுற்றுலாவுக்குப் பதிந்தார் என்று கேட்பீர்கள். எல்லாம் அந்த முற்பணம் செய்த வேலை. அது பெரிய தொகையாக இருந்திருந்தால் மனுசன் இரண்டு நாள் யோசித்திருப்பார். கொத்துரொட்டிக் காசு மாதிரி இருந்தபடியால் யோசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை, வயிறு நிறையப் புரியாணி வேறு.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நபீஸா கடற்கரைக்குப் போகிற போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"இதுக்கு அங்கால என்ன இருக்கு?"

"ஒருநாளைக்கிக் காட்டுறன்" என்பார் இவர்.

பதிந்த செய்தியைச் சொன்ன அன்று அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவரால் மறக்க முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து 'எனக்குப் பயம், நான் வரயில்ல' என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாகக் கடலிலேயே குதித்துவிடலாம். அவருக்கு நீச்சலும் நன்றாகத் தெரியும்.

ஆகையால், அவளுக்குத் தெரியாமல் அவளையே நோயாளியாக்கிப் பயணத்தை நிறுத்துவது, பிறகு 'கொம்பனிக்காரன் கான்சல் பண்ணிட்டான்' என்று அவளிடம் கையை விரிப்பது. இதுதான் திட்டம்.

ஒத்திகைக்கு அகப்பட்டவர் டிக்கட் கொடுக்கிற றம்ஸான்.

"நபீஸாவுக்குச் சுகமில்ல மச்சான். தலைசுத்து. மலேசியா போக ஏலாது போல."

றம்ஸான் கையிலிருந்த டிக்கட்டுகளைக் கீழே வைத்தார். ஸஹாப்தீனின் தோளைப் பிடித்தார். கண் கலங்கிவிட்டது.

"யா அல்லாஹ்! ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு சோதனையா மச்சான்?"

ஒரு தலைசுத்துக்கு இந்த மனுசன் இவ்வளவு உருகுகிறாரே என்று ஸஹாப்தீனுக்கே கூச்சமாகிவிட்டது. ஆனாலும் பொய் நன்றாக ஓடுகிறது. அந்தத் தைரியத்தில் சுற்றுலா ஏஜென்ட் சஜீத்துக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, நான் ஸஹாப்தீன் கதைக்கிறன். வீட்டில..."

"மாமா, நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். எல்லாம் கேள்விப்பட்டம். கான்சல்தானே? அது முடிஞ்ச வேலை. போனை வெச்சிட்டு ஆறுதலா இருங்க."

ஸஹாப்தீன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். றம்ஸானிடம் சொல்லி ஒரு பீடி குடித்து முடியவில்லை, அதற்குள் செய்தி உள்துறைமுக வீதியில் இருக்கிற இவனுடைய அலுவலகத்துக்குப் போய்விட்டதா? தன் லோஞ்சுக்குக்கூட அந்த வேகம் இல்லையே!

மத்தியானம் லோஞ்சு முதலாளியே ஜெட்டிக்கு வந்துவிட்டார். "வீட்ட போங்க காக்கா. லோஞ்சைச் சிவரூபன் பாத்துக்குவான். இந்த நேரத்தில நீங்க வீட்டிலதான் இருக்கணும்" என்று சொல்லி, ஓட்டோவும் பிடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையச் செருப்பு.

பக்கத்து வீட்டுக் கமலாதேவி ரீச்சர் ஒரு குலை செவ்விளநீரோடு வந்திருந்தார். றம்ஸான் குடும்பத்தோடு பின்னாலேயே வந்து இறங்கினார், அப்பிள் பையோடு. அந்தப் பக்கத்தில் நோய் விசாரிக்க வருகிறவர்கள் நோயின் பெயரைத் தப்பித் தவறியும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நோயாளியின் மனம் உடைந்துவிடுமாம். மீன் விலை கதைப்பார்கள், மூதூர் ரோட்டில் குழி என்பார்கள், கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுப் போவார்கள். ஆகவே யாரும் எதையும் கேட்கவில்லை. ஸஹாப்தீன் பிழைத்தார்.

மரியாதைக்கு அந்தக் குலையை வாங்கப் போனார்.

"ஐயோ, விடுங்கோ! நீங்கள் தூக்கக்கூடாது!" என்று அலறினார் ரீச்சர்.

அந்த நேரம் பார்த்து, நோயாளி குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு விறுவிறென்று வந்தாள். ஸஹாப்தீனுக்கு உயிர் போய் வந்தது.

"நீ ஏன் எழும்பி வந்த? போய் இரு!"

"நான் ஏன் இருக்கணும்? நீங்கதான் இருக்கணும்!"

"நீ இரு எண்டன்!"

"நீங்க இருங்க எண்டன்!"

உட்காருகிற கதிரை ஒன்று, ஆள் இரண்டு. கடைசியில் தட்டுத்தான் கதிரையில் இருந்தது. ரீச்சர் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார்.

"இப்பிடி ஒருத்தரையொருத்தர் தாங்கிற சோடிய நான் கண்டதேயில்லை."

கூட்டத்தை நிறுத்துவதற்காக, போகிறவர்களை வாசலில் பிடித்து, "இப்ப நல்ல சுகம். இனி ஒருத்தரும் கஷ்டப்பட்டு வர வேணாம்" என்றார் ஸஹாப்தீன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. கடைசிக் கட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். பின்னேரம் இரண்டு மடங்கு சனம் வந்தது. பள்ளிவாசலில் துஆவும் கேட்டார்களாம்.

பிரார்த்தனை என்றால் விளையாட்டா? நல்ல ஒரு மனுசியைப் பொய்யாகப் படுக்கையில் போட்டுவிட்டோமே என்று முதல் தடவையாகப் பயந்தார் ஸஹாப்தீன்.

சனம் கலைந்த பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தார். பயணத்துக்கென்று வாங்கிய நீலச் சாரியை நபீஸா மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"என்ன செய்ற?"

"சும்மா. பூச்சி பிடிக்காம அலுமாரிக்குள்ள வெக்கிறன்."

"மலேசியால சரியான மழையாம்" என்றார் மெல்ல, ஆழம் பார்க்கிற மாதிரி.

"மழையெண்டா அங்க போய் என்னத்தப் பாக்கிற? நம்மட கடலே போதும்" என்று சிரித்துவிட்டு, அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கொன்றது. ஒரு சொல் குறை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இவளுக்கு முன்னால் தான் எவ்வளவு கோழை என்று நினைத்து நினைத்து அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்து நபீஸா நெற்றியில் தைலம் பூசிவிட்டாள். அது வேறு எரிந்தது.

விடிந்ததும் உள்துறைமுக வீதிக்கு நடந்தார். சஜீத்தின் கந்தோர் வாசலில் கால் வைக்கும்போது சீனக்குடாப் பக்கமிருந்து ஒரு விமானம் எழும்பியது. தலை தன்பாட்டில் குனிந்தது. அந்தக் குனிந்த தலையோடேயே உள்ளே போனார். சஜீத் இல்லை. மேசையில் ரிஸ்னா என்ற பிள்ளைதான் இருந்தாள்.

"மாமா! நீங்க ஏன் நடந்து வந்தீங்க?" என்று பதறி எழும்பினாள்.

"இரு மகள், நான் சொல்லி முடிக்கிறன். நான் பொய் சொல்லிட்டன். உங்கட மாமிக்கு ஒரு வருத்தமும் இல்ல, தலைசுத்தும் இல்ல. எனக்குத்தான் பிளேன் எண்டாப் பயம்." சொல்லிவிட்டார். கூரை இடிந்து விழவில்லை. "அவள் பாவம், எவ்வளவு ஆசையா இருந்தவள். அந்தக் கான்சலை மாத்திப் போடு. கண்ண மூடிக்கொண்டு போறன். செத்தாலும் பரவாயில்ல, அவளுக்குக் காட்டிப்போட்டுச் சாகிறன்."

ரிஸ்னா அவரை விழித்துப் பார்த்தாள்.

"மாமிக்கு வருத்தமா? ஊரெல்லாம் வந்தது உங்களைப் பாக்க மாமா. முந்தநாளே மாமி வந்து, 'சீனக்குடாப் பிளேனுக்கே தலையக் குனியிற மனுசன், உண்மையச் சொன்னா வெக்கப்படுவார், அவருக்கு நெஞ்சு வருத்தம் எண்டு போடு மகள்' எண்டு சொல்லிக் கான்சல் பண்ணிட்டுப் போனவ."