என் சட்டைப்பையில் இருந்த வால்

டிரிஸ்டன் தீவு,
ஏப்ரல் மாதம்.

அன்புத் தங்கை மேபலுக்கு அண்ணன் ஆம்புரோஸ் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நீ பதில் போட்டு அது கப்பலில் வந்து சேர்வதற்குள் எப்படியும் தேவலையாகியிருக்கும். இங்கே உருளைக்கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. அதைத் தவிர எல்லாம் நாசம்.

நைட்டிங்கேல் தீவுக்கு இந்த வருடம் போக முடியவில்லை. நாற்பத்தோரு வருடமாக அங்கே மரத்தடியில் உட்கார்ந்து அந்தத் தடித்த அலகுக் குருவிகளை எண்ணி வருகிறேன், உனக்குத் தெரியும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத குருவி. என் தோப்பில் போன வருடம் பதினேழு. புயலில் மரங்கள் சாய்ந்த பிறகு அந்தக் குருவிகளில் எத்தனை மிஞ்சின என்று பார்க்கத்தான் துடித்தேன். அடுத்த வருடம் படகில் ஏற என் இடுப்பு இடம் கொடுக்காது.

செவ்வாய்க்கிழமை கடல் அடங்கி, படகு கிளம்ப மணி அடித்தார்கள். துறைமுகத்தில் பறவைக் காப்பு அதிகாரியாக நின்றது யார்? நம் எட்வினின் மகள் நோரீன், நான் தூக்கி வளர்த்த குழந்தை. எலியே இல்லாத அந்தத் தீவுக்கு எலி ஏறிவிடக் கூடாதென்று எல்லோர் பையையும் உதறி, பெட்டியையும் திறந்து பார்க்கிறாள். என் சட்டைப்பையிலிருந்து ஒரு வால் விழுந்தது.

"இது என்ன மாமா?"

"வால்."

"யாரோட வாலு?"

"பின்னே என்னோடதா? ஊரே எலி வேட்டையாடுற எலி நாள் போட்டிக்கு வெச்சிருக்கேன். இந்த வருஷம் நீள வால் பரிசு எனக்குத்தான்."

"அப்ப உங்க வீட்டுல எலி இருக்கு. பெட்டியத் திறங்க."

"செத்த வாலு குருவியக் கடிக்குமாடி? அந்தக் குருவிக்கு நான்தான் காவல். பெட்டியத் திறக்க மாட்டேன்."

"திறக்காத பெட்டி படகுல ஏறாது மாமா."

நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியை விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றார்கள். என் பெட்டி இல்லாமல் நான் போகமாட்டேன், நான் இல்லாமல் படகு போகக் கூடாது என்று கயிற்றையும் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் காற்று எழுந்தது. துறைமுகத்தை மூடிவிட்டார்கள், இந்தப் பருவத்துக்கே. இப்போது தெருவில் போனால், "என்னப்பா, வாலு சௌக்கியமா?" என்கிறான் கான்ராட். என் மனைவியும் சிரிக்கிறாள். நியாயம் கேட்க இந்தத் தீவில் ஆளே இல்லை மேபல். என்மேல் சந்தேகமா? நாற்பத்தோரு வருடம்! நோரீன் வீட்டு வாசலைச் செத்தாலும் மிதிக்கமாட்டேன்.

உனக்கும் உன் பேரப்பிள்ளைகளுக்கும் கடவுள் நல்ல சுகமும் அடங்கிய கடலும் தரட்டும்.

உன் அண்ணன்,
ஆம்புரோஸ்

பின்குறிப்பு: உனக்குக் கம்பளிக் காலுறை அனுப்பலாமென்று இப்போதுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். காலுறைக்குள் எலி. பெட்டை. கூடவே கண் திறக்காத எட்டுக் குட்டிகள். நைட்டிங்கேலில் அந்தப் பெட்டியை என் தோப்பின் நடுவில்தான் இறக்கியிருப்பேன் மேபல், குருவிகளுக்குக் கீழே. நோரீன் வீட்டுக்குப் போகிறேன். மேலே எழுதியதை நம்பாதே. அடித்துப் போட்ட தாய் எலியின் வாலை அளந்தேன், பழையதைவிட ஒரு விரல் நீளம். அதை மட்டும் அவளிடம் காட்டமாட்டேன். எலி நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.