மாப்பிள்ளையின் பெட்டியில் சேதாரம் இல்லை

ஹோபோக்கன், நியூ ஜெர்சி
அக்டோபர் 1957, செவ்வாய்க்கிழமை

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை வெண்டல் ஹேகூட் அவர்களுக்கு, ஹோபோக்கனிலிருந்து மாமனார் கார்னீலியஸ் கெராட்டி மிகுந்த மரியாதையோடும் அதே அளவு மனவருத்தத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாமியார் டெலியாவும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமாக இருப்பதைப் பத்திரிகையில் படத்தோடு போட்டிருந்ததால் தனியாக விசாரிக்கவில்லை. ரோசலீனுக்கு நிறைமாதம் என்பதால் அவளை மாடிப்படி ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளவும். கால்வெஸ்டனில் வெயில் அதிகம் என்று எழுதியிருந்தாள், அதையும் கவனிக்கவும். நீங்கள் பாப்டிஸ்ட், நாங்கள் கத்தோலிக்கர். நீங்கள் ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை, நாங்கள் கப்பல்துறையில் வேலை செய்கிறோம். இந்த வித்தியாசங்களையெல்லாம் மறந்துதான் பெண்ணைக் கொடுத்தோம் என்பதை முதலில் நினைவூட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம், சரக்கை உள்ளே வைத்துப் பூட்டி அப்படியே கப்பலில் ஏற்றுகிற உங்கள் பெரிய இரும்புப் பெட்டி. வருகிற வியாழக்கிழமை எங்கள் சங்கத்தில் கூட்டம். உங்கள் பெட்டிக் கப்பலை இனி எங்கள் துறைக்குள் விடலாமா கூடாதா என்று வாக்கெடுப்பு. சரக்கு ஏற்றி இறக்கும் செட்டுக்குத் தலைவன் என்ற முறையில் நான்தான் எழுந்து பேச வேண்டும். கூடாது என்றுதான் பேசப்போகிறேன். இதை மூன்றாம் மனிதர் வாயால் கேட்டு நீங்கள் வருத்தப்படக்கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். உங்கள் கப்பலுக்கு மேலே ஒரு கிரேன்காரரும் கீழே நின்று கையாட்ட ஓர் ஆளும் போதும் என்கிறீர்கள். கையாட்டத் தெரிந்தவர்கள் என்னிடம் இருபது பேர் இருக்கிறார்கள். மற்ற பத்தொன்பது பேரும் எங்கே போய்க் கையாட்டுவது? காலையில் எழுந்து சிப்பம் தூக்கும் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்து நிற்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேலை இல்லை என்றால் நான் எதற்குத் தலைவன்?

இந்தப் பெட்டி உங்கள் மூளையில் உதித்தது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். அது உதித்தது எங்கள் துறையில். ஜார்ஜியாவிலிருந்து புகையிலைச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு, உங்கள் லாரியை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்த காலம் அது. காலையில் வந்து வரிசையில் நிற்பீர்கள். நாங்கள் ஒரு சிப்பத்தில் கொக்கி போட்டு இறக்கி, அதன்மேல் உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்து, அடுத்த சிப்பத்தை எப்படி இறக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லி, அதில் சண்டை வந்து, சமாதானம் ஆகி, அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். பொழுது சாய்ந்தாலும் உங்கள் லாரி காலியாகாது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏங்க, லாரிப் பெட்டியவே அப்படியே தூக்கிக் கப்பல்ல வெச்சா என்னங்க?" என்று கேட்டீர்கள். என் செட்டில் எனக்கு அடுத்தவனான மட்டி டோலன், "வெச்சிரலாம் தம்பி, கூடவே டிரைவரையும் வெச்சிரலாம்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் என் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ரோசலீன் வந்தாள். ஆக, நாங்கள் மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்திருந்தால் உங்களுக்குப் பெட்டியும் தோன்றியிருக்காது, பெண்டாட்டியும் கிடைத்திருக்கமாட்டாள். இரண்டையும் கொடுத்தவர்கள் நாங்கள். இப்போது உங்கள் ஓட்டுநர்கள் பெட்டியை வைத்துவிட்டு இஞ்சினைக்கூட அணைக்காமல் திரும்பிப் போகிறார்களாம். ஹோபோக்கனில் கல்யாண வயதில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

அடுத்தது சேதாரம். உங்கள் பேச்சில் இந்தச் சொல் அடிக்கடி வருகிறது, அதுவும் ஏதோ வியாதியின் பெயர் மாதிரி. சேதாரம் என்பது எங்கள் துறையின் பழக்கம். சரக்கு இறக்கும்போது அட்டைப்பெட்டி கீழே விழும். அட்டையில் ஊறுகாய் என்று எழுதியிருந்தால் விழாது, விஸ்கி என்று எழுதியிருந்தால் விழுந்தே தீரும். அதில் ஒரு பாட்டில் உடைந்துவிட்டால், பக்கத்தில் இருந்த பாட்டில்களுக்கும் அதிர்ச்சி இருக்கும் என்று அவற்றை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பராமரிப்போம். இதைத் திருட்டு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கப்பல் கம்பெனிக்காரர்களே சேதாரம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். உங்கள் கல்யாணத்தில் விருந்தாளிகள் குடித்ததெல்லாம் சேதாரம். நீங்கள் மட்டும் எலுமிச்சைச் சாறு குடித்தீர்கள். அந்த எலுமிச்சையும் சேதாரம்தான், இத்தனை நாள் சொல்லவில்லை.

இனி உங்கள் பெட்டிக் கப்பலின் வெள்ளோட்டத்தன்று எங்கள் துறையில் நடந்ததற்கு வருகிறேன். இதற்கு நான்தான் காரணம் என்று நீங்கள் நினைப்பதாக டெலியா சொல்கிறாள். "மாமா, நீங்கதான் முதல் வரிசையில ஒக்காரணும்" என்று நீங்கள்தான் அழைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற கோட்டை டெலியா எனக்கு மாட்டிவிட்டாள். வாழ்நாளில் முதன்முறையாக நான் துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முந்தின வாரமே, என் மாப்பிள்ளையின் கப்பல் வருகிறது, எல்லோருக்கும் நாள் முழுக்க வேலை, அண்ணன் தம்பி இருந்தாலும் கூட்டி வாருங்கள் என்று பாரில் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். எல்லோரும் முகச்சவரம் செய்துகொண்டு, கொக்கியைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாக ஆகாயத்தில் ஏறிப் போயின. இவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்கள். ஒருவனுக்கும் குனிகிற வேலைகூட இல்லை. நீங்கள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் சாப்பிடப் போனீர்கள், நானும் வந்தேன். அந்த இடைவெளியில் மட்டிக்கு மனசாட்சி உறுத்தியிருக்கிறது. லாரியில் வந்த சரக்கை எங்கள் ஆட்கள் கையால் இறக்கி, எங்கள் ஆட்கள் கையால் ஏற்ற வேண்டும் என்பது துறையின் முறை. "முறைய விட்டா மாப்பிள்ளைக்குத்தான் அவப்பேரு" என்று சொல்லி, ஓரமாக இருந்த ஒரு பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே இறக்கியிருக்கிறான். இறக்குவதில் ஒரு குறையும் இல்லை. திரும்பி உள்ளே வைக்கும்போதுதான் பாதி வெளியே நின்றுவிட்டது. ஜார்ஜியாவில் யாரோ நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்கள் அடுக்கிய சரக்கு, எங்கள் ஆட்கள் எப்படித் திருப்பி வைத்தாலும் உள்ளே கொள்ளவில்லை. மட்டியும் இன்னும் மூன்று பேரும் உள்ளே புகுந்து இடம் பண்ணப் பார்த்திருக்கிறார்கள். அது விஸ்கிப் பெட்டி என்பது அப்போதுதான் தெரிந்ததாக நாலு பேரும் சத்தியம் செய்கிறார்கள். அப்போது உங்கள் கையாட்டுகிற ஆள் வந்திருக்கிறார். திறந்து கிடந்த கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்பது உங்கள் உத்தரவாம்.

பிறகு நீங்கள் மேடையில் ஏறினீர்கள். பத்திரிகைக்காரர்கள், பாங்குக்காரர்கள், ஜெபம் சொல்லிக் கப்பலை மந்திரிக்க வந்த எங்கள் பாதிரியார் ஃபாதர் ஸ்கல்லி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். "தொழிற்சாலையில சாத்துன கதவ இனி கடைக்காரர்தாங்க தெறப்பார், நடுவுல ஒரு மனுஷன் கைகூடப் படாது" என்று நீங்கள் சொல்லவும், தலைக்கு மேலே தொங்கிய பெட்டிக்குள்ளிருந்து பாட்டுக் கேட்கவும் சரியாக இருந்தது. எங்கள் அயர்லாந்தில் ஸ்லைகோ பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிய பாட்டு. நாலு குரல். கிரேன்காரர் பயந்துபோய்ப் பெட்டியை நடு ஆகாயத்திலேயே நிறுத்திவிட்டார். ஃபாதர் ஸ்கல்லி என் காதருகே வந்து, "ரெண்டாவது சரணத்த மட்டி தப்பாப் பாடுறான்" என்றார். எனக்கு நாற்காலியோடு ஆற்றில் இறங்கிவிடலாம் என்று இருந்தது.

வேறொருவராக இருந்தால் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பார். நீங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெட்டியை இறக்கச் சொன்னீர்கள். கதவைத் திறந்ததும் மட்டி கோபமாக, "யாருப்பா அது, கதவத் தட்டாமத் தெறக்கிறது?" என்றான். "ஐயா, உள்ள ஆட்டம் தெரிஞ்சுதா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "என்ன ஆட்டம்? கப்பல் கெளம்பிருச்சா?" என்றான். "ஏதாச்சும் ஒடஞ்சுதா?" "அதான் தம்பி வருத்தம். ஒண்ணுகூட ஒடையல. ஒவ்வொண்ணா மூடியத் திருகித் தெறக்க வேண்டியதாப் போச்சு." நீங்கள் பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? உள்ள போனவங்களாலயே வெளிய வர முடியல. வெளிய நிக்கிறவங்க எப்படிங்க உள்ள போவாங்க?" என்றீர்கள். மறுநாள் காலையில் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டான்: நாலு ஆள், ஒரு பாட்டு, சேதாரம் இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் இங்கே இருக்கிற கம்பெனிக்காரர்களெல்லாம் உங்களிடம் பெட்டி கேட்டு வரிசையில் நின்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே, "மாமா, ஒங்க ஆளுங்க செஞ்ச ஒதவிய நான் எங்க தேடினாலும் கெடச்சிருக்காது" என்றீர்கள். நீங்கள் கிண்டல் செய்யவில்லை, மனசாரத்தான் சொன்னீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளை, நாங்க ஒதவி செய்ய வரலை. வேலை செய்ய வந்தோம். நீங்க நல்லவர், எம் பொண்ணக் கண்ணு மாதிரி வெச்சிருக்கீங்க, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா எனக்குப் பயமா இருக்கு. பக்கத்துத் துறையில ஏற்கெனவே ரெண்டு செட்டக் கலைச்சுட்டாங்க. மட்டி இப்ப பாருக்குப் போனா ஆளுங்க அவனப் பாடச் சொல்லி சிரிக்கிறாங்க, அவன் பாடாம வீட்டுக்குப் போறான். மட்டி பாடாம வீட்டுக்குப் போனத நான் இதுக்கு முன்னால பாத்ததே இல்ல. அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஒங்க கப்பலக் கொஞ்சம் தள்ளி, வேற ஊர் வழியா விடுங்க. இல்லாட்டி வர்ற பெட்டி ஒவ்வொண்ணையும் எங்க ஆளுங்க தெறந்து, இறக்கி, மறுபடி ஏத்திக் குடுக்கட்டும். எடம் பத்தாம மிஞ்சுற சரக்கப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்.

சரி. மேற்படி விஷயங்களில் தங்களுடைய மேலான பதில் வரும்வரையில் தொழில் விஷயமாக இந்த ஊருக்கு வந்தாலும் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதைத் தாங்கள் நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ரோசலீனுக்கு எங்கள் முத்தங்கள். புனித பேட்ரிக் உங்கள் வீட்டையும், அதில் உள்ளவர்களையும், பாப்டிஸ்டுகள் ஆட்சேபிக்காவிட்டால் உங்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் பெட்டிக்கு விரோதியும் தங்களுக்கு மாமனாருமாகிய
கார்னீலியஸ் கெராட்டி

பின்குறிப்பு: வீட்டில் தபால்தலை இல்லாததால் கடிதம் மேஜையிலேயே கிடந்து, அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. சொன்னபடியே பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள். உங்கள் பெட்டிக்கு எதிராக எல்லோரும் கொக்கியை உயர்த்தி வாக்களித்தார்கள், ஒரு கைகூடக் கீழே இல்லை. கைதட்டல் ஓய்வதற்குள் டெலியா உங்கள் தந்தியை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மட்டிதான் முதலில் அழுதான். ரோசலீன் இந்தச் செட்டுக்காரர்களின் மடியில் வளர்ந்தவள் இல்லையா? அங்கேயே குழந்தைக்கு மரத்தொட்டில் ஒன்று, நல்ல கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, ஞானஸ்நானத்துக்கு வருகிற பாதிரியாருக்காக இரண்டு பாட்டில் என்று முடிவாகி, மறுநாளே எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. எப்படி வந்தன என்று கேட்க வேண்டாம்.

கால்வெஸ்டனுக்கு எப்படி அனுப்புவது என்ற பேச்சு வந்தது. நம் துறையில் பழைய மாதிரிக் கப்பல் ஒன்று நிற்கிறதே, நாமே ஏற்றி அனுப்பலாம் என்று நான் சொன்னேன். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டான். கடைசியில் மட்டிதான், "அண்ணே, நம்ம கையிலயா? கொழந்தைக்குப் போற சாமான் அண்ணே அது" என்றான். ஆகவே, தாங்கள் தயவுசெய்து பெட்டி ஒன்று அனுப்பிவைக்கவும். சின்னதாக இருந்தாலும் போதும், பூட்டு மட்டும் பெரியதாக இருக்கட்டும். அடுத்த தடவை இந்த ஊருக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்துவிடவும். டெலியா தனியாக ஒன்று எழுதச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாப்பிள்ளை, ஒங்க மாமா கேட்டாலும் குடுக்காதீங்க.