கமலாதேவியின் பிட்டுக் கோப்பு

மனைவியை வேவு பார்ப்பதென்று இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆவணி மாதத்தில் முடிவெடுத்தேன். ஊரில் ஆளையாள் வேவு பார்த்துக்கொண்டிருந்த காலம். எனக்கு மட்டும் என்ன குறை?

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் குண்டு வெடித்தால் எங்கள் வீட்டு யன்னல் அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் கமலாதேவிக்கு ஒரே பல்லவி: பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சென்னையில் இருக்கும் அக்காவிடம் போய்விடுவோம். மாட்டேன் என்றேன். நான் வேலை பார்க்கும் கந்தோரில் கணினிகளுக்கு நான்தான் பொறுப்பு. நான் போனால் அரசாங்கம் என்னாவது? மூன்று மாதம் கெஞ்சியவள் ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

பகலில் வீட்டுக் கணினியில் என்ன செய்கிறாள்? சின்னதாய் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டேன். திரையில் முன்னால் நிற்கும் பக்கத்தின் தலைப்பை, பத்துச் செக்கனுக்கு ஒரு தரம் அது குறித்துவைக்கும். வேலையால் வந்ததும் வாசிப்பேன்.

'பிட்டு'. 'பிட்டு'. 'பிட்டு'. மூன்று கிழமையும் பிட்டுத்தான். பெண்சாதி சமையற்குறிப்பில் மூழ்கிவிட்டாள் என்று எனக்குப் பெருமை. அவள் அவித்த பிட்டு மட்டும் பழையபடி கல்லாகவே இருந்தது. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கடதாசி ஒன்றை நீட்டினாள்.

"இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. பிள்ளையின்ர அலுவல்."

"என்ன கடதாசி?"

"வாசிச்சுப் பாருங்கோவன்."

"உமக்கென்ன, எனக்கு இஞ்ச ஆயிரம் வேலை கிடக்கு."

கண்ணைத் திரையில் வைத்தபடியே கையெழுத்தைப் போட்டேன்.

அடுத்த மாதம் ஒருநாள் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. மகளின் செருப்பு இல்லை. அலுமாரியில் என் சட்டைகள் மட்டும் தொங்கின. கணினி ஓடிக்கொண்டிருந்தது, திரையில் ஏதோ வெறும் பக்கம். அதை மூடிவிட்டுப் 'பிட்டு' கோப்பைத் தேடித் திறந்தேன். உள்ளே அக்காவுக்கு எழுதிய கடிதங்கள். கடைசிக் கடிதத்தில் விமான நேரம். பிள்ளையின் பாஸ்போட்டுக்குத் தகப்பன் சம்மதித்துக் கையெழுத்து வைத்துவிட்டாராம். அவள் கெஞ்சியபோது காது கொடுத்திருந்தால் மூன்று பேராகப் போயிருக்கலாம்.

பழக்கதோஷத்தில் ஸ்கிரிப்ட் குறித்ததையும் பார்த்தேன். நான் மூடிய அந்த வெறும் பக்கத்துக்கு அவள் ஒரு தலைப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலை ஒன்பது மணியிலிருந்து, பத்துச் செக்கனுக்கு ஒரு தரம், பிசகாமல் அதே வரி:

"சோறு மூடி வைச்சிருக்கு. இதையாவது வாசியுங்கோ."