செங்கமலம் கேட்ட கடல்

“கடலு.”

செங்கமலம் மூன்றாவது முறையாகவும் அதையேதான் சொன்னாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் என்ன ஆசை என்று கேட்டால் மாங்காய் என்பாள், புளி என்பாள், மிஞ்சிப் போனால் அரியலூர் மிட்டாய்க் கடை ஜிலேபி என்பாள். கடல் வேண்டும் என்று ரெட்டிபாளையத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

“அதை எப்புடிடி வாங்கியாந்து குடுக்கறது?” என்றாள் மாமியார் ஆண்டாயி.

“வாங்கியார வேணாம் அத்தை. ஒரு தடவ கண்ணால பாத்தாப் போதும்.”

ஆண்டாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு வந்த கவலை லேசுப்பட்டது அல்ல. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். இதற்கு அத்தாட்சி பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. அய்யாக்கண்ணுவின் தாயார் மார்கழி மாதத்தில் பலாப்பழம் கேட்டாள், கிடைக்கவில்லை. அய்யாக்கண்ணு நாற்பது வயதிலும் காதில் பஞ்சோடு திரிகிறான்.

“ராசாங்கம்! வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதுக்கப்புறம் அவள பெரம்பலூருக்கு, அவ அம்மா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள கடலைக் காட்டிப்புடு. பொறக்கப் போறது என் பேரப்புள்ள, ஆமா.”

ராசாங்கத்துக்குச் சுண்ணாம்புக்கல் குவாரியில் டைம் கீப்பர் வேலை. குறுக்கு வழி இருக்கும்போது நேர் வழியில் போவது அவனுக்குப் பிடிக்காது. மறுநாள் சாயங்காலம் குவாரியிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லுக்குள் ஒரு சிப்பி அச்சாகப் பதிந்திருந்தது.

“பாத்துக்க. கோடி வருசத்துக்கு முன்னால நம்ம ரெட்டிபாளையமே கடல்தானாம். எஞ்சினியர் சொன்னாரு. நீ குந்தியிருக்க எடம் கடலு.”

செங்கமலம் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தண்ணி எங்க?”

“வத்திருச்சு.”

“இட்லி கேட்டவகிட்ட இட்லிப் பானையக் காட்டுவியாடா நீ?” என்று உள்ளே இருந்து ஆண்டாயியின் குரல் வந்தது. அத்தோடு குறுக்கு வழி முடிந்தது.

புதன்கிழமை விடியற்காலை இருவரும் அரியலூரில் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். செங்கமலத்தின் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. ராசாங்கத்தின் பையில் ஒரு துண்டு, ஒரு மாற்று வேட்டி. அவனுக்குத் தண்ணீரைக் கண்டால் இறங்காமல் இருக்க முடியாது. கிணறு, குட்டை, வாய்க்கால் எதையும் அவன் வெறுமனே பார்த்துவிட்டு வந்ததில்லை. கல்யாணத்தன்று மாமனார் வீட்டுக் கிணற்றில் குதித்து, முகூர்த்தத்துக்கு ஈரத் தலையோடு வந்தவன். கடலை விடுவானா?

கண்டக்டர் பிச்சைமுத்து நெற்றி நிறையத் திருநீறு பூசிய, நல்ல மாதிரியான மனிதர். செங்கமலத்தைப் பார்த்ததும் முன் சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி உட்கார வைத்தார். ஜெயங்கொண்டம் தாண்டி, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் தெரிந்தபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். காட்டுமன்னார்கோயில் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

அப்போதுதான் பிச்சைமுத்து ராசாங்கத்தைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு சமாச்சாரம். சிதம்பரத்துலேருந்து கடலுக்குப் போற ரோட்டுல மழைத் தண்ணி ஓடுதாம். பஸ்ஸையெல்லாம் நிப்பாட்டிட்டாங்க.”

“ஐயையோ! இப்ப என்னண்ணே பண்றது?”

“புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல லோல்படாதீங்க. இதோ வீராணம் ஏரிக்கரை வருது. இறங்கி, காத்தாட உக்காந்து சோத்தைச் சாப்புடுங்க. மூணு மணிக்குத் திரும்பறப்ப நானே ஏத்திக்கிறேன்.”

பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. செங்கமலத்திடம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று ராசாங்கம் தொண்டையைச் செருமினான். ஆனால் அவள் அதற்குள் கரைமேல் ஏறி நின்றுவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கிடந்தது. அக்கரை மூட்டத்தில் மறைந்திருந்தது. காற்றுக்குத் தண்ணீர் கரைக் கற்களில் வந்து தளக் தளக்கென்று மோதியது.

“யம்மாடி! இதுதானாங்க? எம்மாம் பெருசு!”

அவள் முகம் பூத்துக் கிடந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்ததில்லை. உண்மை அவன் நாக்கு நுனி வரை வந்து, அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

“ம்” என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு முழு ஏரியை மறைக்கப் புறப்பட்டவன் ராசாங்கம் ஒருவன்தான்.

“ஏங்க, அலை இம்புட்டுப் பெருசு வரும்னு சொல்லுவாங்களே? சின்னதா இருக்கே?”

“காலையில சின்னதாத்தான் இருக்கும். போகப் போகப் பெருசாவும்.”

“மணலக் காணோமே? ஒரே கூழாங்கல்லாக் கெடக்கு?”

“இது சின்ன ஊரு பீச்சு. மணலையெல்லாம் மெட்ராசுக்கு ஒதுக்கிட்டாங்க.”

“அது என்ன இடிஞ்ச மண்டபம்?”

“சோழ ராசா கப்பல் ஏறுன எடம். கப்பலுக்குக் காத்திருக்கறவங்க குந்தறதுக்குக் கட்டுனது.”

தனக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்பது அவனுக்கே புதுச் செய்தி. அந்தப் பெருமையோடு திரும்பினான். பத்தடி தள்ளி ஒரு சர்க்கார் போர்டு நின்றது. ‘ஏரியில் மாடு குளிப்பாட்டக் கூடாது.’ செங்கமலம் எட்டாம் வகுப்பு பாஸ் செய்தவள். ஓடிப்போய், பையிலிருந்த மாற்று வேட்டியைப் பிரித்து போர்டின் மேல் விரித்துப் போட்டான்.

“காஞ்ச வேட்டிய எதுக்குங்க காயப் போடறீங்க?”

“கடக்காத்து வேட்டிக்கு நல்லது.”

கரையோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் டீயும் வறுத்த மீனும் விற்கிற கொளஞ்சியம்மாள், ஆள் நடமாட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “வாங்க, வாங்க! ஏரி...”

“அக்கா!” என்று அலறிக்கொண்டே ராசாங்கம் ஓடினான். “அக்கா, ஒரு உதவி. நீங்க ஏரின்னு மாத்தரம் சொல்லக் கூடாது.”

“பின்ன?”

“கடல்னு சொல்லணும்.”

கொளஞ்சியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “தம்பி, காலையில ஏதாச்சும் சாப்புட்டியா?”

அவன் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். காது, சீழ், அய்யாக்கண்ணு, பஞ்சு எல்லாம். கொளஞ்சியம்மாள் ஐந்து பிள்ளை பெற்றவள். உடனே மனசு இளகிவிட்டது. “இம்புட்டுத்தானே? நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு” என்றாள். சும்மா இருந்ததுதான் அவன் செய்த தப்பு.

“வாம்மா தாயி! கடல் பாக்க வந்தியா? நல்ல நாளாப் பாத்து வந்திருக்க. நேத்திக்கு ஒரு சொறா கரைக்கே வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு.”

“சொறாவா!”

“பின்ன? முந்தாநாளு திமிங்கலம். இதோ, இந்தக் கொட்டாய் உசரம்.”

ராசாங்கம் கண்ணால் கெஞ்சினான். கொளஞ்சியம்மாள் கவனிக்கவில்லை. எத்தனையோ வருஷமாக ஒரே ஏரியைப் பார்த்துச் சலித்தவளுக்கு இன்றைக்குத்தான் ஒரு கடல் கிடைத்திருந்தது.

“கடத்தண்ணி உப்பாமே? ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்” என்று செங்கமலம் எழுந்தாள்.

“நீ குனியாத! வவுறு அழுந்தும். நான் கொண்டாறேன்.” ராசாங்கம் டம்ளரோடு ஓடினான். அவன் மொண்டு வந்த தண்ணீரில், கொட்டகைக்குப் பின்னால் வைத்து, கொளஞ்சியம்மாள் ஒரு கை நிறையக் கல்லுப்பைப் போட்டுக் கலக்கினாள். அவசரத்தில் பாதிதான் கரைந்தது.

செங்கமலம் நாக்கில் வைத்தாள். முகம் எட்டுக் கோணலாகியது. பிறகு எதையோ நறுக்கென்று கடித்தாள்.

“கடல்ல உப்பு கல்லு கல்லாவே இருக்குமா?”

“அது புது உப்பு” என்றான் ராசாங்கம். “இன்னும் கரையல.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குமட்டுகிறதோ என்று அவன் பயந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

அந்தச் சமயம் பார்த்து எங்கிருந்தோ ஆறு எருமைகள் வந்தன. அதிகாரம் செய்கிறவர்கள் மாதிரி வரிசையாகத் தண்ணீரில் இறங்கின. அதில் ஒன்று சாவகாசமாகக் குடிக்கவும் தொடங்கியது.

“ஏங்க, எரும கடத்தண்ணியக் குடிக்குமா?”

ராசாங்கத்திடம் சரக்கு தீர்ந்துவிட்டது. கொளஞ்சியம்மாளைப் பார்த்தான்.

“அது கடல் எருமம்மா” என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல். “பொறந்ததுலேருந்து உப்புத் தண்ணிதான். நல்ல தண்ணி குடுத்தா மூக்கத் திருப்பிக்கும்.”

கடல் எருமைகளின் சொந்தக்காரர் கையில் குச்சியோடு கரைமேல் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சியம்மாள் ஓடிப்போய் அவரை டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனாள்.

“நீங்க எறங்கலையாங்க?” என்றாள் செங்கமலம். “தண்ணிய இம்புட்டு நேரம் சும்மா பாத்துக்கிட்டு நிக்கறீங்களே? போங்க, நல்லா முழுவிட்டு வாங்க.”

அவனும் இறங்கினான். செங்கமலம் கூழாங்கற்களின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. கண் அவனை விட்டு நகரவில்லை.

ராசாங்கத்துக்கு முதல் முறையாகத் தண்ணீரில் சந்தோஷம் வரவில்லை. ஆசையைத் தீர்க்காதவனைவிட, தீர்த்ததாக ஏமாற்றியவன் பாவிதானே? அவள் வேண்டுமானால் நம்பியிருக்கலாம். வயிற்றுக்குள் இருப்பது நம்புமா? மூன்று முழுக்குப் போட்டான். ஒவ்வொரு முழுக்கிலும், ‘சாமி, பொய் சொன்னது நானு. வலி குடுக்கறதா இருந்தா என் காதுலயே குடு’ என்று தண்ணீருக்குள்ளேயே வேண்டிக்கொண்டான். அதில் கொஞ்சம் வாய்க்குள்ளும் போயிற்று. வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. தண்ணீர் பட்டுத்தான் என்று சொல்லிக்கொண்டான்.

செங்கமலம் அவனை உட்கார வைத்துத் தலையைத் துவட்டிவிட்டாள். “எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்க” என்றாள். அதைக் கேட்டு அவனுக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது.

மூன்று மணிக்குச் சொன்னபடி பஸ் வந்தது. கொளஞ்சியம்மாள் வறுத்த கெண்டையை இலையில் கட்டிக் கொடுத்து, “கடல் மீனு” என்று கண்ணடித்தாள். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் செங்கமலம் தூங்கிவிட்டாள். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

ராசாங்கம் நைசாக எழுந்து பிச்சைமுத்துவிடம் போனான்.

“அண்ணே, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். அது ஏரின்னு எங்க வூட்டுல தெரியவே கூடாது. கடலுன்னு நெனச்சிக்கிட்டுத் தூங்குது. குழந்த பொறந்ததும் நெசக் கடலுக்கே கூட்டிட்டுப் போயிக் காட்டிடுவேன். அது வரைக்கும் வாயத் தொறந்துடாதீங்க.”

பிச்சைமுத்து அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முன் சீட்டைப் பார்த்தார். விரலில் இருந்த விசிலைச் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“ரோட்டுல தண்ணியும் ஓடல, ஒண்ணும் ஓடல தம்பி. முந்தாநாளு உங்க சம்சாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப, பஸ் ஸ்டாண்டுல என்னையத் தேடிப் புடிச்சு, ‘அண்ணே, ஏதாச்சும் பொய்யச் சொல்லி எங்கள ஏரியிலேயே எறக்கி வுட்ருங்க’ன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

ராசாங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “எதுக்குண்ணே? கடல் கேட்டதே அவதானே?”

“புள்ளத்தாச்சி புருசன் கடல்ல முழுவுனா அவன் உசுருக்கே ஆகாதுன்னு பெரம்பலூர்லேருந்து அவங்கம்மா, இவங்க கடல் கேட்டதுக்கு அப்புறந்தான் சொல்லிவுட்டாங்களாம். ‘இந்த மனுசன் தண்ணியப் பாத்தா நிக்க மாட்டாரு, புள்ளைக்குக் காது வலிச்சா மருந்து ஊத்திக்கலாம், இவருக்கு ஒண்ணுன்னா நான் எந்தக் கடையிலண்ணே மருந்து வாங்குவேன்’னு கேட்டுச்சு தம்பி.”