ஜன்னல் மெக்கானிக்

உலகத்தின் மொத்தப் பயத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்துவைத்திருக்கிறார்கள் என்றால், அந்த ஆள் ஆரணியில் எங்கள் தெருவில்தான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஜன்னல்’. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்பே ஜன்னலைத் திறந்துவிடுவார். பட்டுத்தறி இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய அட்டூழியம் கிடையாது. வறண்ட காற்று பட்டால், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகள் உலர்ந்து ஒவ்வொன்றாக அறுந்துபோகும். நெசவுக்காரர்கள் ஜன்னலைச் சாத்த, இவர் திறக்க, தினமும் ஒரு குஸ்தி.

அவருடைய பயத்துக்குப் பெயர் ஐசோபியூட்டேன். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களைக் குளிரவைக்கும் வாயு.

“பியூட்டேன் நேரா நிக்கும் சார். இது கிளை விட்டுக்கினு நிக்கிற ரகம். ஓசோனுக்குக் கெடுதல் இல்ல, கரண்டும் கம்மி. கசிஞ்சு நெருப்பப் பாத்துச்சுன்னாதான் பேஜாரு!”

களம்பூரில் ஒரு கல்யாணம். ஹோமத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே மாப்பிள்ளை சென்ட் ஸ்ப்ரே அடித்துக்கொண்டார். அந்த டப்பாவிலும் இதே வாயுதான் இருக்கும் என்று ஜன்னல் பாய்ந்து பிடுங்கினார். திருடன் என்று நினைத்து நாலு பேர் அவரை அமுக்கினார்கள். கூச்சலைக் கேட்ட மேளக்காரர் அவசரப்பட்டுக் கெட்டிமேளமே கொட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் சட்டை செய்யவில்லை. நானும்தான், போன ஆடி வெள்ளி வரைக்கும்.

அன்று என் தங்கை மல்லிகா வீட்டுக்குப் போயிருந்தேன். இடமில்லாததால் ஃப்ரிட்ஜைக் குழித்தறிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்; கால் வைத்து மிதிக்கத் தரையில் பள்ளம் தோண்டிய தறி அது. ஃப்ரீசரில் ஐஸ் இறுகிக் கிடந்தது. கரையும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், இழை வெட்டும் கத்தரிக்கோலால் குத்தினாள். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல்.

“கேஸ் நாத்தம் ஒண்ணும் வரலியேண்ணா” என்றவள், தறிக்குக் காட்டுவதற்காகச் சூடம் எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமை வழக்கம்.

எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. வாசலுக்கு வந்து ஜன்னலுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“குழித்தறி பக்கத்துலயா ஃப்ரிட்ஜ் கீது?” என்றார்.

“ஆமா.”

அலறினார். “சூடம் ஏத்த வேணாம் சார்! ஸ்விட்ச்சத் தொட வேணாம்! தங்கச்சிய வெளிய இட்டுக்கினு வாங்க, ஜல்தி!”

உள்ளே ஓடினேன். மல்லிகா குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சூடத் தட்டு, கையில் உரசப் போகும் தீக்குச்சி. எனக்கு உயிரே போய்விட்டது. குச்சியைப் பிடுங்கி, அவளைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தேன்.

ஜன்னல் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்தார். வெகுநேரம் எங்களை வாசலிலேயே நிறுத்திவைத்தார். பிறகு ஒரு முறத்தை வாங்கி, குழியருகே மண்டிபோட்டு விசிற ஆரம்பித்தார்.

“காத்தவிட கனம் சார். பள்ளத்துல போயி உக்காந்துக்கும். சமையல் கேஸ் மாதிரி நாத்தமும் சேக்க மாட்டாங்க.”

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கவலையாகக் கேட்டார்: “ஏம்ப்பா, தறிக்கு மயக்கமா?”

ஆடிக்காற்று சும்மா விடுமா? முகூர்த்தப் புடவைக்கான பாவில் இழைகள் அறுந்து தொங்கின. மல்லிகா அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

“திட்டுங்கம்மா, நல்லா திட்டுங்க” என்றார் ஜன்னல். “திட்டறதுக்கு நீங்க கீறீங்களே, அது போதும்.” விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது எப்படியோ இடம் பண்ணி ஃப்ரிட்ஜை முன்னறைக்கு மாற்றிவிட்டோம். ஆனாலும் வெள்ளிக்கிழமை சூடம் ஏற்றுவதற்கு முன் மல்லிகா ஜன்னலைத் திறக்கிறாள். இழை அறுகிறது. முணுமுணுத்தபடியே முடிச்சுப் போடுகிறாள்.

“அதான் ஃப்ரிட்ஜே இங்க இல்லியேம்மா, இன்னும் ஏன்?” என்று கேட்டேன்.

“தொறக்கலன்னா அந்த மனுசன் பயந்துகினே இருப்பாருண்ணா” என்றாள்.